நிலி படேரா: மணல் நகர்ந்ததா, படம் நகர்ந்ததா?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு படங்கள். முதலாவது 2007 ஜூன் 30 அன்று எடுத்தது, இரண்டாவது அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று எடுத்தது. இரண்டிலும் இருப்பது செவ்வாயின் ஒரே இடம். நடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே, சிர்டிஸ் மேஜர் எரிமலைப் பகுதியில், நிலி படேரா என்ற பழைய எரிமலைப் பெருவாயின் தரை அது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைத் தளத்தின் மேல் பிறை வடிவ மணல்மேடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் அலைவரிகள், அதாவது காற்று வரைந்த சிறு மணல் வரிகள்.

105 நாள் இடைவெளியில் அந்த அலைவரிகள் மீட்டர் கணக்கில் இடம் மாறியிருந்தன. சில்வெஸ்ட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இதை வெளியிட்டார்கள். 2012இல் பிரிட்ஜஸ் தலைமையிலான குழு இதே மேடுகளில் காற்று கடத்தும் மணலின் அளவைக் கணக்கிட்டு, அது அண்டார்க்டிகாவின் விக்டோரியா பள்ளத்தாக்கு மணல்மேடுகளுக்கு ஒப்பாக இருக்கிறது என்று காட்டியது. செவ்வாயின் மணல்மேடுகள் பழங்காலக் காற்று விட்டுச்சென்ற உறைந்த சின்னங்கள் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

முடிவு அறிந்ததுதான். ஆனால் அந்த முடிவுக்கு வரும் வழி, சென்னையில் ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் உள்ள எவரும் திரும்ப நடந்து பார்க்கக்கூடிய வழி. படங்கள் இலவசம், மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் தேடுவது ஒரு சில பிக்சல் மாற்றம். அதே அளவு மாற்றத்தை வெயிலின் கோணம் உண்டாக்கும், கேமரா சாய்ந்து பார்த்ததும் உண்டாக்கும், படங்களை நாம் பொருத்தும்போது செய்யும் பிழையும் உண்டாக்கும். ஆகவே முதல் வேலை மணலை அளப்பதல்ல. பாறை நகரவில்லை என்று நிரூபிப்பதுதான் முதல் வேலை. இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

செவ்வாயில் மணல்மேடு உண்டு என்பது 1971 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்த மரைனர் 9 கலத்தின் படங்களிலேயே தெரிந்துவிட்டது. புராக்டர் என்ற பெரிய விண்கல் பள்ளத்தின் தரையில் கருத்த திட்டாக ஒரு மணல்வெளி கிடந்தது. பள்ளங்கள் மணலுக்கு இயல்பான பொறி. காற்று உள்ளே கொண்டுவந்து போடும் மணல், விளிம்பைத் தாண்டி வெளியேறுவது கடினம்.

இருப்பதை ஒப்புக்கொண்டவர்கள்கூட அது நகர்வதை நம்பத் தயங்கினார்கள். அதற்குக் காரணம் காற்றின் மெலிவு. செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சுமார் 6 ஹெக்டோபாஸ்கல், சென்னைக் கடற்கரையில் சுமார் 1,010. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், நம் ஊர்க் காற்றின் அதே தள்ளலைப் பெற அங்கே கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேகம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று வீசி மரங்களைச் சாய்த்தது. அதே வேகக் காற்று செவ்வாயில் வீசினால், மெரினாவில் மாலையில் முகத்தில் படும் மென்காற்று அளவுக்குத்தான் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே செல்லாது.

ஆனால் ஒரு மணல்மணியை முதலில் கிளப்புவது வேறு, கிளம்பிய மணிகளை ஓடவைத்துக்கொண்டே இருப்பது வேறு. ஈர்ப்பு குறைவாகவும் காற்று மெலிந்தும் இருப்பதால் குதித்த மணி உயரமாகப் போய், வேகம் பிடித்து, தொலைவில் வந்து விழுகிறது. விழும் அடியில் வேறு மணிகள் தெறிக்கின்றன. அந்தத் தொடரோட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால், அதைத் தொடங்கிவைக்கத் தேவைப்பட்ட வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகம் இருந்தாலே ஓட்டம் நிற்காது என்று 2010இல் கணித மாதிரிகள் காட்டின. மணல் நகரும் என்பதற்கு இயற்பியல் இடம் கொடுத்தது. இனிப் படத்தில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

எந்தக் கண்ணால் பார்ப்பது

சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று கிளம்பிய மங்கள்யானின் வண்ணக் கேமரா, கலம் தரைக்கு மிக நெருங்கிவரும் தருணத்தில் ஒரு பிக்சலுக்கு சுமார் 20 மீட்டர் என்ற நுணுக்கம் தந்தது. தொலைவில் இருக்கும்போது கோளின் முழு வட்டும் ஒரே படத்தில் விழுந்தது. சிர்டிஸ் மேஜர் ஏன் கருப்பாக இருக்கிறது, தூசி எங்கே படிந்திருக்கிறது, எந்தப் பள்ளத்தில் மணல் தங்கியிருக்கிறது என்று அறிய அது நல்ல படம். ஆனால் இருபது மீட்டர் பிக்சலில் அலைவரி தெரியாது. மேட்டின் பிறை வடிவமே நான்கைந்து பிக்சலில் கரைந்துபோகும்.

இந்த ஆய்வுக்கு, செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமராதான் வேண்டும். 50 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி. சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து பிக்சலுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. வரைபடமாக்கிய (வடக்கு மேலே வருமாறு வரைபடக் கட்டத்தில் பொருத்திய) படங்கள் பெரும்பாலும் 25 செ.மீ. பிக்சலில் வரும், அதாவது ஒரு சாண். படத்தின் அகலம் சுமார் 6 கி.மீ., புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை மெரினாவின் நீளம். அந்த மெரினா முழுவதையும் ஒரு சாண் கட்டங்களாகப் பிரித்து, இரண்டு கட்டம் தள்ளிப்போன ஒரு மணல் வரியைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் வேலையின் அளவு புரியும்.

படத்தின் பெயரிலேயே பாதித் தகவல் உண்டு. நமது முதல் படம் பி.எஸ்.பி_004339_1890, இரண்டாவது பி.எஸ்.பி_005684_1890. நடுவில் இருப்பது சுற்று எண். கலம் ஒரு சுற்றுக்கு சுமார் 112 நிமிடம் எடுக்கிறது. 5684இலிருந்து 4339ஐக் கழித்தால் 1345 சுற்று. 112ஆல் பெருக்கி, ஒரு நாளின் 1440 நிமிடத்தால் வகுத்தால் 105 நாளுக்கு மிக அருகில் வரும். கடைசி நான்கு இலக்கம் சுற்றுப்பாதையில் இடத்தைப் பத்தில் ஒரு பாகையில் குறிப்பது. பகல் பக்கத்தில் 1800 என்றால் நடுக்கோடு, 1890 என்றால் 9 பாகை வடக்கு, 1750 என்றால் 5 பாகை தெற்கு. பட்டியலில் ஒரே இடத்தின் படங்களைத் தேடும்போது முதலில் இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். அதன்பின் தீர்க்கரேகையைச் சரிபாருங்கள். கடைசி எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் இடம் ஒன்றாகிவிடாது.

பதிவிறக்கும்போது சிவப்பு அலைவரிசையின் வரைபடமாக்கிய ஜேபி2 கோப்பை எடுக்க வேண்டும். வண்ணக் கோப்பு நடுவில் உள்ள சுமார் 1.2 கி.மீ. பட்டையை மட்டுமே காட்டும். சிவப்புக் கோப்பு பல நூறு மெகாபைட் வரும், சில ஒரு கிகாபைட்டைத் தாண்டும். முழுக்கோப்பையும் ஒரே நேரத்தில் திறக்க 8 ஜிபி நினைவகம் திணறும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, இரண்டு படத்திலும் ஒரே மேட்டைச் சுற்றி ஒரு கி.மீ. சதுரத்தை வெட்டி, டிஃப் கோப்பாகச் சேமித்து, அதில் மட்டும் வேலை செய்வது நல்லது. படத்தின் இணையப் பக்கத்தில் காட்டும் சிறிய ஜேபெக் படத்தில் அளவு எடுக்கவே கூடாது. அதில் பிக்சல் சுருக்கப்பட்டிருக்கும், அலைவரிகளின் ஓரம் சிதைந்திருக்கும்.

வண்ணப் படம் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாயில் நீல மணல் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் படங்கள் பெரும்பாலும் ஹைரைஸ் படங்களே. அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, நீலப்பச்சை ஆகிய மூன்று அலைவரிசைகளைத் திரையின் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மாற்றி, வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிறார்கள். சுற்றியுள்ள துருச் சிவப்புத் தூசியோடு ஒப்பிடும்போது எரிமலைப்பாறை மணல் அதில் நீலமாகத் தெரியும். நேரில் பார்த்தால் அது அடர்சாம்பல். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலை மனத்தில் வைத்துக்கொண்டு செவ்வாயின் மணல்மேட்டைத் தேடினால் ஏமாற்றமே. அங்கே தூசிதான் சிவப்பு, ஓடும் மணல் கருப்பு. தூசி படியாமல் கருப்பாக இருப்பதே மணல் அடிக்கடி அசைகிறது என்பதற்கு முதல் தடயம்.

வெயில் எங்கிருந்து விழுகிறது

எதையும் அளக்கும் முன், படத்தோடு வரும் எல்பிஎல் என்ற விவரக் கோப்பைத் திறந்து நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: வெயில் விழும் கோணம், கேமரா பார்த்த கோணம், சூரியனின் திசைக்கோணம், வடக்கின் திசைக்கோணம்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. சூரியனின் திசைக்கோணம் வடக்கிலிருந்து அளந்ததல்ல. படத்தின் நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு கோடு போட்டு, அங்கிருந்து கடிகாரச் சுற்றாக அளந்தது. வரைபடமாக்கிய படத்தில் வடக்கு 270 பாகை என்று இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். வலமிருந்து கடிகாரச் சுற்றாக 270 பாகை போனால் படத்தின் உச்சி வரும், அதுவே வடக்கு. இந்த எண்ணைச் சாதாரணத் திசைகாட்டிக் கோணமாக எடுத்துக்கொண்டால் 90 பாகை பிசகிவிடும். காற்று வீசும் திசையையே தவறாகச் சொல்லிவிடுவோம்.

இந்தக் கலம் பகல் பக்கத்தை உள்ளூர் நேரப்படி மாலை 3 மணி அளவில் கடக்கிறது. 2007 ஜூன் 30 செவ்வாயின் தென்கோளக் கோடை உச்சத்துக்குச் சில நாள் முன்பு. அப்போது சூரியன் 25 பாகை தெற்கில் நேர் உச்சியில் இருக்கும். 9 பாகை வடக்கில் இருக்கும் நிலி படேராவில் 3 மணிக்குக் கணக்குப் போட்டால், சூரியன் தென்மேற்கில் சுமார் 35 பாகை உயரத்தில் நிற்கும். அக்டோபர் 13 வரும்போது அது ஏறத்தாழ 15 பாகை மேற்கே தள்ளி, 6 பாகை உயர்ந்திருக்கும். கோப்பில் உள்ள எண் ஓரிரு பாகை மாறலாம். அதற்கு மேல் மாறினால் படத்தையே மாற்றி எடுத்துவிட்டோமா என்று சரிபார்க்க வேண்டும்.

வெயில் தென்மேற்கிலிருந்து விழுகிறது என்றால், வடக்கு மேலே இருக்கும் படத்தில் வெளிச்சம் கீழ்-இடது மூலையிலிருந்து வருகிறது. நம் கண்ணோ வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வரும் என்றே பழகியது. விளைவாக, பாறைத்தளத்தில் உள்ள சிறிய விண்கல் பள்ளங்கள் எல்லாம் கொப்புளம் போல மேடாகத் தெரியும். மணல்மேடுகள் தோண்டிய குழி போலத் தெரியும். ஒருமுறை மூளை அப்படிப் பிடித்துக்கொண்டால் மாற்றுவது கடினம். மாற்றுவழி எளிது: படத்தை 180 பாகை திருப்பிப் பாருங்கள். பள்ளம் பள்ளமாகிவிடும். பொருத்தப் புள்ளிகளை, அதாவது இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளை, தேர்ந்தெடுக்கும் வேலையைத் திருப்பிய நிலையிலேயே செய்து, அளவெடுக்கும்போது மட்டும் வடக்கை மேலே கொண்டுவரலாம்.

மேட்டை வாசித்தல்

பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்த அதே பிறை மணல்மேடுதான். காற்று வரும் பக்கம் மென்சரிவு, மறுபக்கம் வன்சரிவு, பிறையின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையை நீட்டிக் காட்டும். நிலி படேராவில் காற்று கிழக்கு-வடகிழக்கிலிருந்து வருகிறது, மேடுகள் மேற்கு-தென்மேற்காக நகர்கின்றன.

இதனால் ஒரு சிக்கல். வன்சரிவு மேற்கு-தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது, வெயிலும் அந்தப் பக்கத்திலிருந்தே விழுகிறது. ஆகவே வன்சரிவு இங்கே நிழலில் இல்லை, நன்றாக வெயில் படும் முகம் அதுதான். வன்சரிவு என்றால் கருப்பு என்று பாடப்புத்தகப் படங்களிலிருந்து பழகியவர்கள் மேட்டைத் திருப்பி வாசித்துவிடுகிறார்கள். வெளிச்சத்தை நம்பாமல் கொம்புகளை நம்புவது பாதுகாப்பு.

நிழல் விழாததால் நிழலின் நீளத்தை வைத்து உயரம் கணக்கிடும் வழியும் இங்கே மூடப்படுகிறது. அதற்குப் பதில் வன்சரிவையே பயன்படுத்தலாம். உலர்ந்த மணல் தானாகச் சரிந்து நிற்கும் கோணம் ஏறத்தாழ 32 பாகை. வரைபடத்தில் வன்சரிவின் அகலத்தை முகட்டிலிருந்து அடி வரை அளந்து 0.62ஆல் பெருக்கினால் உயரம் கிடைக்கும். அகலம் 30 மீ என்றால் உயரம் சுமார் 18.6 மீ. மேட்டின் நடுப்பகுதியில், சரிவின் திசையிலேயே நேராக அளக்க வேண்டும். கொம்புப் பக்கம் சாய்வாக அளந்தால் உயரம் கூடிவிடும்.

மணல்மேடுகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு உருவம் செவ்வாயில் நிறைய உண்டு. வெளிறிய நிறத்தில், சமமான இருபக்கச் சரிவோடு, சில பத்து மீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் குறுக்கு முகடுகள் அவை. பெரும்பாலும் அசைவதில்லை. கருப்பு மேட்டை விட்டுவிட்டு இவற்றை அளந்தால், செவ்வாயில் எதுவும் நகரவில்லை என்ற முடிவுக்கு மிகத் துல்லியமாக வந்து சேரலாம்.

பாறையைப் பாறையோடு பொருத்துதல்

இரண்டு படங்களையும் கியூஜிஐஎஸ்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவை பொருந்தாது. பல பத்து மீட்டர், சில நேரம் அதற்கும் மேல் விலகி நிற்கும். கலத்தின் பார்வைத் திசையில் உள்ள நுண்ணிய பிழைதான் காரணம். இதைப் பார்த்ததும் மேடு நாற்பது மீட்டர் நகர்ந்துவிட்டது என்று துள்ளுபவர்கள் உண்டு. பாறையும் அதே நாற்பது மீட்டர் நகர்ந்திருக்கும்.

ஜூன் படத்தை நிலையாக வைத்து, அக்டோபர் படத்தை அதற்குப் பொருத்த வேண்டும். மேட்டைச் சுற்றி நான்கு பக்கமும், பாறைத்தளத்தில் மட்டும், குறைந்தது 15 பொருத்தப் புள்ளிகள் எடுங்கள், 20 இருந்தால் நல்லது. நல்ல புள்ளி எது? 5 முதல் 10 மீட்டர் விட்டமுள்ள சிறிய விண்கல் பள்ளத்தின் நடு, இரண்டு பாறை வெடிப்புகள் சந்திக்கும் மூலை, தனித்துக் கிடக்கும் பாறைக் கட்டி. மோசமான புள்ளி எது? பாறையின் நிழல் முனை, ஏனெனில் நிழல் வெயிலோடு நகரும். பள்ளத்தின் ஒரு பக்க விளிம்பும் ஆகாது, வெளிச்சக் கோணம் மாறினால் விளிம்பும் இடம் மாறியது போலத் தெரியும். மணல் பாதி மூடிய பள்ளத்தைத் தொடவே வேண்டாம்.

பொருத்தும் முறையாக முதல் படிப் பல்லுறுப்புக் கோவையைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் தின் பிளேட் ஸ்பிளைன் என்ற ஒரு வழியும் இருக்கும். அது ஒவ்வொரு புள்ளியையும் ரப்பர் துணி போல இழுத்துச் சரியாக உட்காரவைக்கும், பிழை பூச்சியம் என்று காட்டும். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் தவறி மணல் மேல் வைத்த ஒரே ஒரு புள்ளி இருந்தாலும், அந்த இழுவை நாம் தேடும் நகர்வையே விழுங்கிவிடும். பிழை எவ்வளவு என்று மறைக்காமல் காட்டும் முறையே நமக்கு வேண்டும்.

சராசரிப் பிழை ஒரு பிக்சலுக்குள், அதாவது 25 செ.மீ.க்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் அதிகப் பிழை காட்டும் புள்ளியை உடனே அழித்துவிடாமல் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். எல்லாப் பிழையும் ஒரே நேர்க்கோட்டின் ஒரு பக்கத்தில் குவிந்திருந்தால் அது உங்கள் தவறல்ல. ஹைரைஸ் எடுத்த இந்தப் படங்கள் பத்துச் சிவப்பு உணரிகளின் பட்டைகளை ஒட்டித் தைத்தவை, தையல் ஓரத்தில் ஒரு பிக்சல் அளவு படி விழலாம். கலத்தின் நுண்ணதிர்வும் வரிவரியாக நெளிவைச் சேர்க்கும். ஆய்வுக்கு எடுக்கும் மேடு தையலின் ஒரே பக்கத்தில் முழுதாக இருக்குமாறு தேர்ந்தெடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

கடைசியாக, பொருத்தத்தில் பயன்படுத்தாத ஐந்து பாறைப் புள்ளிகளை இரண்டு படத்திலும் அளந்து, அவற்றின் நகர்வை எழுதிவையுங்கள். அந்த ஐந்தின் நகர்வு பூச்சியத்துக்கு அருகில், எந்தத் திசையையும் சாராமல் சிதறியிருக்க வேண்டும். ஐந்தும் மேற்கே 40 செ.மீ. காட்டினால், மணலில் கிடைக்கும் மேற்கு நகர்விலும் அந்த 40 செ.மீ. பொய்யாக ஒளிந்திருக்கிறது.

உயரம் செய்யும் மோசடி

பாறை சரியாகப் பொருந்திய பிறகும் ஒரு பிழை தங்கும், இதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிழை. கலம் பக்கவாட்டில் 30 பாகை வரை சாய்ந்து படம் எடுக்கக்கூடியது. ஒரு படம் நேர் மேலிருந்தும் மற்றது 10 பாகை சாய்ந்தும் எடுத்ததாக இருந்தால், தரையிலிருந்து 20 மீ உயர்ந்த முகடு தரையை ஒப்பிட 3.5 மீ தள்ளித் தெரியும். 20ஐ 10 பாகையின் டேன் மதிப்பான 0.176ஆல் பெருக்கிப் பாருங்கள். பதினான்கு பிக்சல்! பாறைத்தளம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், மேட்டின் முதுகு மட்டும் நகர்ந்திருக்கும். மணல் நகர்வு போலவே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பார்வைக் கோணத்தால் வரும் நகர்வு உயரத்தைப் பொறுத்தது. அடியில் பூச்சியம், முகட்டில் உச்சம், திசை கேமரா சாய்ந்த திசை. உண்மையான நகர்வு காற்றின் திசையில் இருக்கும், வன்சரிவின் அடிக்கோட்டிலும் தெரியும். சரியான தீர்வு, அந்த இடத்தின் உயர மாதிரியை (புள்ளிக்குப் புள்ளி தரையின் உயரத்தைத் தரும் கோப்பை) வைத்து இரண்டு படங்களையும் செங்குத்துப் பார்வைக்கு மாற்றுவது. ஹைரைஸ் குழு வெளியிடும் உயர மாதிரிகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் இடைவெளியில் வருகின்றன. உயர மாதிரி இல்லாத இடத்தில், பார்த்த கோணம் இரண்டு படத்திலும் இரண்டு மூன்று பாகைக்குள் ஒத்துப்போகும் ஜோடியை மட்டும் எடுங்கள், உயரமான முகட்டை விட்டு அடிக்கோட்டில் அளவெடுங்கள்.

உயர மாதிரியிலும் எச்சரிக்கை தேவை. அது இரண்டு கோணத்தில் எடுத்த படங்களிலிருந்து பிறப்பது. அந்த இரண்டுக்கும் நடுவில் மணல் நகர்ந்திருந்தால் நகர்வை உயரமாகத் தவறாக எண்ணியிருக்கும். சில வார இடைவெளிக்குள் எடுத்த ஜோடியிலிருந்து செய்த மாதிரியே மணல் வேலைக்கு ஏற்றது.

அலைவரியா, மேட்டின் முகமா

எதை அளப்பது என்பதை இடைவெளி தீர்மானிக்கிறது. செவ்வாயின் மணல்மேடுகள் சராசரியாகப் புவி ஆண்டுக்கு அரை மீட்டர் அளவு நகர்கின்றன. 54 மணல்வெளிகளில் 495 மேடுகளை அளந்து 2019இல் வெளியான ஆய்வு தரும் எண் அது. அந்த வேகத்தில் 105 நாளுக்கு ஒரு மேடு 14 செ.மீ. நகரும், ஒரு பிக்சல்கூட இல்லை. ஆகவே நமது ஜோடியில் மேட்டின் முகத்தை, அதாவது வன்சரிவை, அளந்து பயனில்லை. அலைவரிகள் சிறியவை, ஓட்டமாக ஓடுபவை. குறுகிய இடைவெளிக்கு அவையே சாட்சி.

கையால் அளப்பதென்றால், இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, அலைவரிகள் ஒன்றையொன்று சந்தித்துக் கவட்டையாகப் பிரியும் இடங்களைப் பிடியுங்கள். நேர் வரி எல்லாம் ஒன்றுபோல இருக்கும், கவட்டைக்குத் தனி முகம் உண்டு. ஒரு மேட்டில் 30 கவட்டைகளாவது அளக்க வேண்டும். கணினியால் அளப்பதென்றால் படத்தின் சிறு சதுரத் துண்டுகளை, அதாவது சன்னல்களை, ஒப்பிடும் நிரல் போதும். நிலி படேராவுக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்திய கோசிகார் என்ற கால்டெக் மென்பொருள், நிலநடுக்கத்தில் தரை எவ்வளவு விலகியது என்று அளக்கப் பிறந்தது. பைதான் மொழியில் ஓப்பன்சிவி நூலகத்தின் கட்ட ஒப்பீட்டை வைத்தும் தொடங்கலாம். சன்னல் 64 பிக்சல், அதாவது 16 மீ. அதற்குள் மூன்று நான்கு அலைவரி விழ வேண்டும். சிறிதாக வைத்தால் எந்த வரி எது என்று நிரல் தடுமாறும். பெரிதாக வைத்தால் பாறையும் மணலும் கலந்து நகர்வு பாதியாகக் காட்டும்.

அலைவரியின் பெரிய ஆபத்து, அடுத்தவன் இடத்தில் போய் நிற்பது. ஒரு வரி அடுத்த வரி இருந்த இடத்துக்கே முழுதாக நகர்ந்துவிட்டால், படத்தில் எதுவுமே மாறாதது போலத் தோன்றும். பாதிக்கு மேல் நகர்ந்தால் பின்னோக்கிப் போனது போலவும் தோன்றும். ஓடும் வண்டியின் சக்கர ஆரங்கள் வீடியோவில் பின்னோக்கிச் சுழல்வது போலத்தான். வரிகளின் இடைவெளியை முதலில் அளந்து, நகர்வு அதில் பாதியைத் தாண்டும் இடத்தில் கவட்டைகளை மட்டும் நம்புங்கள். மென்சரிவின் அடியில் நகர்வு குறைந்தும் முகட்டை நெருங்க நெருங்கக் கூடியும் வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒழுங்கு கிடைத்தால் அளவு நம்பத்தக்கது. ஒரு மேட்டின் நடுவில் நகர்வைக் காட்டும் அம்புகள் திடீரென எதிர்த்திசையில் வந்தால் அது காற்றல்ல, நிரலின் தடுமாற்றம்.

பிழைக் கணக்கு இப்படி: பொருத்தப் பிழை 25 செ.மீ., கையால் கவட்டையைத் தொடும் பிழை இரண்டு பிக்சல், அதாவது 50 செ.மீ. இரண்டின் இருமடிகளைக் கூட்டி மூலம் எடுத்தால் 56 செ.மீ. ஓர் அலைவரி 60 செ.மீ. நகர்ந்ததாக வந்தால் அதை நகர்வு என்று எழுதாதீர்கள். இரண்டு மீட்டர் வந்தால் எழுதலாம்.

இந்த ஜோடிக்கே உரிய இன்னொன்று: 2007 ஜூன் கடைசியில் தொடங்கிச் செவ்வாயைச் சூழ்ந்த பெரும் தூசிப்புயலின் பெரும்பகுதி இந்த 105 நாளுக்குள் அடங்குகிறது. எல்லா நகர்வையும் புயலின் தலையில் போடத் தோன்றும். ஆனால் இதே மேடுகளை ஒரு செவ்வாய் ஆண்டு முழுக்கப் படமெடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, மணல் ஓட்டம் பருவத்தோடு ஏறி இறங்குவதையும், அபூர்வப் புயல் இல்லாமலே சாதாரணக் காற்றில் மணல் நகர்வதையும் காட்டியது. செவ்வாய்க்கும் ஓர் ஆடி மாதம் உண்டு, சூரியனுக்கு அது நெருங்கிவரும் காலத்தில்.

பள்ளங்கள் தரும் சாட்சி

பாறைத்தளத்தில் பொருத்தப் புள்ளியாக உதவும் சிறு பள்ளங்கள் மேடுகளின் முதுகில் இல்லை. விண்கல் மணலுக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை. விழுந்த பள்ளத்தை மணல் அழித்துவிடுகிறது. வெட்டியெடுத்த ஒரு சதுரக் கி.மீ.யில் 5 மீட்டருக்கு மேலான பள்ளங்களைப் பாறையிலும் மணலிலும் தனித்தனியே எண்ணிப் பதியுங்கள். நகர்வு அளவுக்கு அது தனி ஆதாரம்.

புதிதாக விழுந்த பள்ளங்களை இதே இடத்தில் தேட ஆசை வரும், வேண்டாம். இந்தக் கலம் கண்டுபிடித்த நூற்றுக்கணக்கான புதிய பள்ளங்களில் பெரும்பாலானவை செவ்வாயின் தார்சிஸ், அரேபியா போன்ற தூசிப் பகுதிகளில் கிடைத்தவை. வெளிறிய தூசியை மோதல் அடித்துச் சிதறடிக்கும்போது கருப்புத் தெறிப்பு தூரத்திலிருந்தே தெரியும். சிர்டிஸ் மேஜரில் சிதறடிக்கத் தூசியே இல்லை.

முன்பயிற்சி: திருவான்மியூர்

இரண்டு படத்தை ஒப்பிட்டுப் பழகாதவர்கள் நேரே செவ்வாய்க்குப் போகாமல் கடற்கரையில் ஒரு மாலை செலவிடலாம். கடற்காற்று நன்றாக வீசும் நேரம், அலை எட்டாத உலர்மணல். ஒரு மீட்டர் சதுரத்தின் நான்கு மூலையிலும் பெரிய கூழாங்கல் அழுத்திவையுங்கள், அவை பாறைத்தளம். முக்காலியில் கைபேசியை நேர் கீழே பார்க்கவைத்து ஒரு படம், ஐந்து நிமிடம் கழித்து ஒரு படம், பிறகு வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து ஒரு படம். நம் அலைவரிகளின் இடைவெளி பத்து செ.மீ. அளவுதான். கல்லை வைத்துப் பொருத்தி வரியை அளந்தால் நகர்வு தெரியும். சாய்த்து எடுத்த படத்தில் கல்லின் தலை நகர்ந்தது போலத் தெரிவதே மேலே சொன்ன உயர மோசடி. கைபேசியின் நிழல் சதுரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஜோடி

நிலி படேரா கைவந்தவர்கள் மேட்டின் முகத்தை அளக்க ஹெர்ஷல் பள்ளத்துக்குப் போகலாம். சுமார் 15 பாகை தெற்கு, ஆகவே பெயரின் கடைசி எண் 1650ஐ ஒட்டி இருக்கும். 2007 மார்ச் 3, 2010 டிசம்பர் 1 ஆகிய நாள்களின் படங்களில் அங்கே ஒரு மேட்டின் முகம் சராசரியாக 2 மீ முன்னேறியிருந்தது. நடுவில் 1,369 நாள். செவ்வாயின் ஓர் ஆண்டு 687 நாள், இரண்டு ஆண்டு 1,374. ஐந்து நாள் வித்தியாசத்தில் அதே பருவம், அதனால் வெயில் கிட்டத்தட்ட அதே கோணத்தில் விழுகிறது. நீண்ட இடைவெளிக்கு ஜோடி தேடும்போது 687இன் மடங்கை ஒட்டித் தேடுவது இதற்காகத்தான். அலைவரிகள் அதற்குள் முழுதாக மாறிப்போயிருக்கும், அவற்றைத் தொடர முயல வேண்டாம். வன்சரிவு பாறையைத் தொடும் அடிக்கோட்டை இரண்டு படத்திலும் வரைந்து, பத்து மீட்டருக்கு ஒரு முறை இடைவெளியை அளந்து சராசரி எடுங்கள். அதை நாளால் வகுத்து 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு சுமார் 53 செ.மீ. வரும். மேட்டின் உயரத்தால் அதைப் பெருக்கினால் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கனமீட்டர் மணல் போகிறது என்பது கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்துப் பத்தியில், சரிபார்த்த ஐந்து பாறைப் புள்ளிகளின் நகர்வையும் சேர்த்தே எழுதுங்கள்.